தரவையில் தாழ்ந்திருந்து நீர்ப்பறவைகளைப் படம்பிடித்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பண்ணைப் பாலத்திலும் பொன்னாலைப் பாலத்திலும் மாரிகாலத்துக் காலை வேளைகளில் கமெராவுடன் நிற்கும் இளைஞர்களை இப்போது அடிக்கடி காண முடிகிறது. அவர்கள் எடுக்கும் படங்களிற் பறவை தெளிவாகவே விழுந்திருக்கும். ஆயினும் அந்தப் பறவையின் அருகில் இருந்து பார்க்கிறோம் என்ற உணர்வு அவற்றில் வருவதில்லை. வீதியின் உயரத்திலிருந்து கீழ்நோக்கி எடுத்த படத்தில் நாம் காண்பது வாத்தின் முதுகும் அதைச் சுற்றியுள்ள கலங்கல் தண்ணீருமே ஆகும். கமெராவைப் பறவையின் கண்மட்டத்துக்குத் தாழ்த்தினால், அதே வாத்தும், களப்பு எனப்படும் அதே பரவைக்கடலும் முற்றிலும் வேறொரு படத்தைத் தரும்.

இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். நீந்தும் வாத்தின் கண் நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறதென்று கொள்வோம். 10 மீற்றர் தொலைவிலுள்ள அந்த வாத்தை, 1.6 மீற்றர் உயரத்தில் கமெராவைப் பிடித்து நின்றபடி நோக்கினால், நமது பார்வைக்கோடு வாத்தின் கண்ணைக் கடந்து ஒரு மீற்றர் சென்றதுமே தண்ணீரில் முட்டிவிடும். அந்த ஒரு மீற்றர் தூரத்து நீர்தான் படத்தின் பின்னணியாகிறது. அதன் அலைகளும் மிதக்கும் பாசியும் பாதி தெளிவாகவும் பாதி மங்கலாகவும் விழுந்து கண்ணை உறுத்தும். கமெராவை 25 சென்ரிமீற்றர் உயரத்துக்கு இறக்கினால், பார்வைக்கோடு வாத்துக்கு அப்பால் 15 மீற்றர் சென்ற பின்னரே நீரைத் தொடும். வாத்தின் கண்மட்டத்துக்கே இறக்கிவிட்டால் அது நீரைத் தொடுவதே இல்லை. எதிர்க்கரையின் கண்டல் மரங்களோ பனைக்கூடலோ ஒரு மெல்லிய நிறப்பூச்சாகப் பின்னால் கரைந்து நிற்கும். ஆகவே நிலத்தோடு நிலமாகப் படுப்பதே இந்த வேலையின் தொடக்கம். மற்றவை எல்லாம் அப்படிப் படுத்திருக்கும் மனிதரைப் பறவை பொருட்படுத்தாமல் இருக்கச் செய்வதற்கான ஏற்பாடுகள்.

அந்த ஏற்பாடுகளில் முதலாவதாக விளங்கிக்கொள்ள வேண்டியது, திறந்த தரவையில், அதாவது கரையோர உவர்நில வெளியில், நீர்ப்பறவையை நோக்கி ஊர்ந்து செல்வதால் பெரும்பாலும் பயன் இல்லை என்பதாகும். வாத்தின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றியுள்ள அனைத்தையும் அது காண்கிறது. உமரியும் கோரையும் முழங்காலளவுக்கு மேல் வளராத நமது தரவைகளில், ஊர்ந்து வரும் மனித உடல் மறைவதற்கு எந்த இடமும் இல்லை. எனவே பறவைகள் வருமுன் நாம் அங்கே ஒரு மறைவிடத்துக்குள் இருக்க வேண்டும். அவை தாமாக வந்து, தாமாக நெருங்கி, தமது வேலையைப் பார்க்கத் தொடங்க வேண்டும். எவ்வளவு நெருக்கம் என்பதைப் பறவைதான் தீர்மானிக்கிறது. இதை மனதார ஏற்றுக்கொண்டவருக்கு மற்றவற்றைக் கற்பது எளிது.

காலத்தைப் பற்றிச் சொல்வதானால், ஒக்ரோபரில் தொடங்கும் வடகீழ்ப் பருவமழை தரவைகளையும் குளங்களையும் நிரப்பும்போதே வலசைப் பறவைகளும் வந்து இறங்கத் தொடங்குகின்றன. மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மத்திய ஆசியப் பறப்புப் பாதை வழியாக இந்தியாவின் தென்முனை வரை வந்து, கடலையும் தாண்டி வருபவை அவை. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, நாமத்தலை வாத்து, தட்டைவாயன் ஆகியவற்றை நவம்பர் முதல் மார்ச் வரை காணலாம். புள்ளிமூக்கு வாத்து இங்கேயே குடியிருப்பது. படம்பிடிப்பதற்கு நான் சனவரியையும் பெப்ரவரியையும் விரும்புகிறேன்: மழை ஓய்ந்து, ஒளி தெளிந்து, நீர் படிப்படியாக வற்ற, பறவைகள் எஞ்சிய நீரைச் சுற்றிக் கூடும் காலம் அது. ஆண் நீலச்சிறகியின் வெள்ளைப் புருவக்கோட்டைப் படம்பிடிக்க விரும்புவோர் இன்னும் பொறுக்க வேண்டும். அவ்வினத்தின் ஆண்கள் பெண்ணை ஒத்த மங்கல் இறகுகளை நெடுநாள் வைத்திருந்து, பெப்ரவரி கடந்து, திரும்பிப் போகும் தறுவாயிலேயே முழு அழகோடு காட்சி தருகின்றன.

இடத்தைத் தேர்வதற்குக் கமெரா தேவையில்லை. இருகண் தொலைநோக்கியும் ஒரு குறிப்புப் புத்தகமும் போதும். தனங்கிளப்பு, சரசாலை, செம்மணி வெளி, அராலி, மண்டைதீவு, வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குச் செல்லும் நீண்ட வீதி என்று குடாநாட்டில் பறவைகளைத் தேடிப் போகக்கூடிய இடங்கள் பல உள்ளன. ஆனால் ஓர் இடத்தில் ஆயிரம் பறவைகள் இருப்பது மறைவிடத்துக்குப் போதிய காரணம் ஆகாது. அந்த ஆயிரமும் கரையிலிருந்து 200 மீற்றருக்கு அப்பால் நடு நீரில் உறங்கினால் நமக்கு அவற்றால் பயன் இல்லை. நாம் தேட வேண்டியது கரையோடு ஒட்டிய, கணுக்கால் ஆழமுள்ள, முப்பது நாற்பது பறவைகள் நாள்தோறும் இரைதேடவோ இறகு கோதவோ வரும் ஒரு மூலையை. கரைச் சேற்றில் புதிய காலடிகளும் எச்சமும் உதிர்ந்த சிறு இறகுகளும் கிடந்தால் அந்த மூலை அதுவேதான். குறைந்தது மூன்று காலை வேளைகள், வீதியோரத்திலிருந்து அசையாது பார்த்து, எத்தனை மணிக்கு எவை எந்தப் பக்கமிருந்து வருகின்றன, எவை எவற்றைத் துரத்துகின்றன, எப்போது எழுந்து போகின்றன என்று எழுதி வையுங்கள்.

கரையின் எந்தப் பக்கத்தில் மறைவிடத்தை அமைப்பது என்பதில் நமது மண்ணுக்கென்றே ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. இதை எல்லோரும் கவனிப்பதில்லை. நீர்ப்பறவைகள் இறங்கும்போதும் எழும்பும்போதும் காற்றுக்கு முகம் கொடுக்கின்றன. மாரிகாலத்தில் நமக்கு வீசுவது வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று. காலைச் சூரியனோ அந்த மாதங்களில் கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே சரிந்து எழுகிறது. ஆகவே நீர்நிலையின் கிழக்குக் கரையில், மேற்கு நோக்கிப் படுத்திருப்பவருக்குச் சூரியனும் காற்றும் இரண்டுமே முதுகுப் பக்கமிருந்து வருகின்றன. ஒளி பறவையின் முகத்தில் நேராக விழ, இறங்கும் பறவை சிறகை விரித்தபடி அவரை நோக்கியே வருகிறது. மாலையில் இதே காற்று பகையாகிவிடும்: சூரியன் மேற்கே இருக்க, நாம் கிழக்கு நோக்கிப் படுத்தால், இறங்கும் பறவைகள் நமக்கு வாலைத்தான் காட்டும். மாலையை விட்டுவிட்டுக் காலையையே நான் எப்போதும் தெரிவு செய்வதற்கு இதுவே முதற் காரணம். இன்னொன்றும் உண்டு. வாடை பலமாக வீசும் நாட்களில், ஆழங்குறைந்த பரவைக்கடலின் நீர் எதிர்க்கரைப் பக்கம் தள்ளப்பட்டு, கிழக்குக் கரையில் சேறு வெளித்தெரியும். காற்று விழுந்ததும் நீர் திரும்பி வரும். அதனால் மறைவிடத்தை நீரின் விளிம்பில் வைக்காமல் இரண்டு மூன்று மீற்றர் பின்னால் வையுங்கள். நெஞ்சின் கீழே உப்புநீர் ஏறி வருவதை உணர்ந்தபடி பறவைகளின் நடுவே செய்வதறியாமல் கிடந்த காலை ஒன்று எனக்கு உண்டு.

இடம் முடிவானதும் அந்த இடத்து மனிதரிடம் பேசுங்கள். காலையில் சிறகுவலை பார்க்கப் போகும் கடற்றொழிலாளரும், தரவையில் மாடு சாய்ப்பவரும், பக்கத்து வயற்காரரும் உங்களை அறிந்திருக்க வேண்டும். இருட்டில் ஒருவர் தரையோடு தரையாக மறைந்து கிடப்பதைக் கண்டால் நமது சனங்களுக்கு வேறு நினைவுகள் எழும். அந்த அச்சத்தை ஒரு படத்துக்காக எவருக்கும் கொடுக்கக் கூடாது. அதே காரணத்தாலும், சட்டச் சிக்கலைத் தவிர்க்கவும், படையினரின் சீருடையை ஒத்த புள்ளித் துணிகளை உடையாகவோ மூடுதுணியாகவோ ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். முகாம்களை அண்டிய கரைகளைத் தவிர்த்துவிடுங்கள். முகமாலையை அண்டிய பகுதிகள் நெடுங்காலம் மிதிவெடிகள் நிறைந்து கிடந்தவை. அத்தகைய பகுதிகளில் ஊர்மக்கள் நாளாந்தம் நடமாடாத நிலத்தில் கால் வைக்கவே கூடாது, மண்டையோட்டுச் சின்னமுள்ள சிவப்புப் பலகையைக் கண்டால் வந்த வழியே திரும்பிவிட வேண்டும். சுண்டிக்குளம் தேசிய பூங்கா என்பதால் அங்கே வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இன்றி எதையும் செய்ய முடியாது. அங்கும் வன்னிக் குளங்களிலும் முதலைகள் இருப்பதனால் நீர் விளிம்பில் படுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த வழிகாட்டி குடாநாட்டின் உவர்நீர்த் தரவைகளுக்கும் ஆழமற்ற பரவைக்கடற் கரைகளுக்கும் உரியது.

இனி மறைவிடம். இதை நான் பதுங்குகுழி என்று எழுதவில்லை. அந்தச் சொல்லுக்கு நமது மண்ணில் வேறு பொருள் உண்டு. அதற்குள் இரவுகளைக் கழித்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நடைமுறையிலும் குழி தோண்டுவது தவறு: ஒரு சாண் ஆழத்திலேயே உவர்நீர் ஊறும், மண் கிளறப்பட்ட இடத்தில் புல் எளிதில் முளைக்காது. நமக்கு வேண்டியது நிலத்தின் மேல் வைக்கும், இரண்டு மீற்றர் நீளமும் முக்கால் மீற்றர் அகலமும் ஐம்பது அறுபது சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட ஒரு தாழ்ந்த கூடு. மின்வயர் செலுத்தும் அரை அங்குல பி.வி.சி. குழாய்களை வில்லாக வளைத்து, இரு முனைகளையும் நிலத்தில் குத்திய கம்பித் துண்டுகளிற் செருகினால் ஒரு வளையம் ஆயிற்று. அத்தகைய நான்கு வளையங்களை ஒரு நீளக் குழாயால் இணைத்தால் கூட்டின் எலும்பு ஆயத்தம். அதன் மேல் பழைய சணல் சாக்குகளைப் பிரித்துத் தைத்த துணியைப் போர்த்துங்கள். புதிய சாக்காயின் அந்த இடத்துச் சேற்றிலேயே தோய்த்துக் காயவிட்டால், நிறமும் மணமும் அந்த நிலத்தோடு ஒத்துப்போகும். தறப்பாளும் உரப்பையும் காற்றில் சலசலப்பதோடு வெயிலில் மினுங்கவும் செய்வதால் வெளிப்புறத்துக்கு உதவா.

சாக்கின் மேல், ஏற்கெனவே காய்ந்து கிடக்கும் கோரையையும் புல்லையும் கொத்துக் கொத்தாகச் செருகலாம். உயிருள்ள செடியை ஒடிக்க வேண்டாம். மீன்வலைத் துண்டைப் போர்த்தி அதிற் புல்லைச் செருகுவது எளிதான வழிதான், ஆனால் அறுந்த ஒரு கண்ணியே கரைப்பறவையான உள்ளான் ஒன்றின் காலைப் பிடிக்கப் போதும் என்பதால் நான் அதைக் கைவிட்டேன். பச்சைக் கிடுகும் வேண்டாம். உவர்த்தரவையின் நடுவே அது தொலைவிலேயே தனியாகத் தெரியும். கூட்டின் முன்புறத்தில், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம் வரை, கமெரா வில்லையின் (லென்ஸ்) வாய் மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு விடுங்கள். அதன் மேல் விளிம்பிலிருந்து சாக்கு நூல்கள் தொங்கினால் உங்கள் கையசைவை மறைக்கும். பலர் தவறவிடுவது பின்புறத்தை. பின்புறம் திறந்திருந்தால் அங்கிருந்து வரும் வெளிச்சத்தில் உங்கள் தலை நிழலுருவாகத் தெரியும். ஒவ்வோர் அசைவும் பறவைக்கு எட்டும். பின்புறத்தையும் பக்கங்களையும் இருளாக மூடி, முன்புறத் திறப்பு ஒன்றிலிருந்து மட்டும் ஒளி வரச் செய்யுங்கள்.

கூட்டை வைத்த அன்றே அதற்குள் புகுந்து படம் எடுக்க எண்ண வேண்டாம். புதிதாக முளைத்த ஒரு மேட்டைப் பறவைகள் முதல் நாள் ஐயத்தோடு விலகிச் செல்லும். இரண்டாம் மூன்றாம் நாள் அதன் அருகே இரைதேடும். சில வேளை உள்ளான்கள் அதன் மேலேயே ஏறி நிற்கும். நடைமுறைத் தொல்லை என்னவெனில், தரவை மாடுகளுக்குச் சாக்கு மிகவும் பிடிக்கும்; ஒரே இரவில் ஒரு பக்கத்தைச் சப்பித் தீர்த்துவிடும். மாடு சாய்ப்பவரிடம் முன்கூட்டியே பேசிவைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூட்டுக்குள் முதலில் ஒரு தறப்பாள் துண்டு, அதன் மேல் பன்பாய், முழங்கைகளின் கீழே மடித்த துவாய். இந்த வரிசையில் விரித்தால் ஈரம் ஏறாது, மூன்று மணி நேரம் உடல் தாங்கும். கமெராவுக்கு முக்காலி வேண்டாம். அதன் மிகத் தாழ்ந்த நிலையும் நமக்கு உயரமே. தடித்த துணியில் தைத்த பையொன்றில் நெல்லையோ பயற்றையோ முக்கால் பங்கு நிரப்பி, அதை அடி தட்டையான பழைய அலுமினியத் தாச்சி ஒன்றில் வைத்து, அதன் மேல் வில்லையைக் கிடத்துங்கள். தாச்சி சேற்றில் புதையாது, மெல்லத் தள்ளினால் வழுக்கித் திரும்பும், ஓசை எழுப்பாது. இதற்கென விற்கப்படும் விலையுயர்ந்த கருவிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். தாச்சியில் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. மணலை நிரப்ப வேண்டாம், பாரமும் அதிகம், தையலூடாகக் கசிந்து வில்லையின் வளையத்துக்குள்ளும் போகும்.

போகும் நேரம் இருட்டாக இருக்க வேண்டும். சனவரியில் சூரியன் ஏறத்தாழ ஆறரை மணிக்கு எழுகிறது. ஐந்து மணிக்கு நீங்கள் கூட்டுக்குள் இருக்க வேண்டும். ரோச் விளக்கை நிலம் பார்த்துப் பிடித்து நடந்து, புகுமுன் கூட்டின் உட்புறத்தையும் பாயின் அடியையும் தடியால் தட்டிப் பாருங்கள்: சுருட்டையும் புடையனும் நமது மண்ணில் அரிதானவை அல்ல, சாக்கு மூடிய காய்ந்த இடம் அவற்றுக்கும் உவப்பானதே. நுளம்புக்கு மணமில்லாத களிம்பு பூசுவது உங்களுக்காக. பறவைகளைப் பொறுத்தவரை மணத்தைவிட அசைவும் ஓசையுமே பெரிய அபாயங்கள். கைபேசியை அணைத்துவிடுங்கள். விடிந்த பின்னர் புகவேண்டி வந்தால், நண்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு இருவராகப் போய், நீங்கள் உள்ளே தங்க, அவர் பறவைகள் பார்க்கும்படி நடந்து திரும்பிச் செல்லட்டும். வந்த ஆள் போய்விட்டார் என்று பறவைகள் பெரும்பாலும் அமைதி கொள்கின்றன.

வெளிச்சம் பரவும் முன் வருபவை பெரும்பாலும் நெடுங்கால் உள்ளான்களும் பவளக்காலிகளும். அவை அருகிலேயே வந்தாலும் உடனே கமெராவை இயக்க வேண்டாம். அவை அமைதியாக இரைதேடுவதே வானிலிருந்து பார்க்கும் வாத்துகளுக்கு இந்தக் கரை பாதுகாப்பானது என்று சொல்லும் செய்தி. தமிழில் ஒரு பறவைக்கு ஆட்காட்டி என்று பெயர் வைத்தவர்கள் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பதை மறைவிடத்தில் கிடப்பவரே நன்கு உணர்வார். அது ஒரு முறை கத்தினால் முழுத் தரவையும் தலை தூக்கும். அப்படி ஆனால் கையைக்கூட அசைக்காமல் காத்திருங்கள். பத்து நிமிடத்தில் தலைகள் மீண்டும் தாழும்.

வாத்துகள் வந்த பின்னர் உங்கள் அசைவு அனைத்தும் அவற்றின் வேலையோடு இசைய வேண்டும். ஊசிவால் வாத்து இரைதேடும்போது தலையையும் நீண்ட கழுத்தையும் நீருக்குள் விட்டு, வாலை மேலே நிமிர்த்தி நிற்கும். அந்தச் சில செக்கன்களே வில்லையைத் திருப்புவதற்கும் மூச்சை விடுவதற்கும் காலை நீட்டுவதற்கும் உங்களுக்குத் தரப்படும் நேரம். அது தலையைத் தூக்கும்போது நீங்கள் கல்லாகிவிட வேண்டும். முதலில் ஒற்றைப் படமாக எடுத்து, ஓசைக்கு அவை எப்படி எதிர்வினை செய்கின்றன என்று பாருங்கள். கண்ணாடியில்லாக் (மிரர்லெஸ்) கமெரா வைத்திருப்போர் ஓசையற்ற மின்னணு ஷட்டரைப் பயன்படுத்தலாம். ஆயினும் பல கமெராக்களில் அது வேகமாக அடிக்கும் சிறகை வளைத்துக் காட்டும் என்பதால், பறக்கும் படங்களுக்கு ஏற்றதல்ல.

கழுத்துகள் ஒருசேர நிமிர்ந்து, இரைதேடல் நின்று, கூட்டம் மெல்ல மறுபக்கம் நீந்தத் தொடங்கினால், நீங்கள் அவற்றைத் தொந்தரவு செய்துவிட்டீர்கள் என்று பொருள். அப்போது எடுக்கும் படத்திலும் அந்தப் பதற்றம் பதிந்துவிடும். கமெராவை விட்டுவிட்டுத் தலையைத் தாழ்த்துங்கள். பறவைகளின் கூடு, முட்டை, குஞ்சு ஆகியவற்றின் அருகே மறைவிடம் அமைப்பதே கூடாது. ஆட்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் திறந்த தரையில் முட்டையிடுபவை, தாய் எழுந்தால் சிறிது நேரத்திலேயே வெயில் முட்டையைக் கொன்றுவிடும்.

கமெராவின் அமைப்புகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை என்றாலும் சிலவற்றை விட முடியாது. 400 முதல் 600 மில்லிமீற்றர் வரை குவியத்தூரமுள்ள வில்லை ஏற்றது. சிறிய உணரி கொண்ட கமெராவாயின் 300 மில்லிமீற்றரும், பறவை நெருங்கி வரும் நல்ல மறைவிடத்தில், போதும். 500 மில்லிமீற்றர் வில்லையில், எப் 5.6 துவாரத்தில் (வில்லையில் ஒளி நுழையும் திறப்பின் அளவு), முழுச்சட்டக் கமெராவில், 10 மீற்றர் தொலைவில் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 13 சென்ரிமீற்றரே. பக்கவாட்டில் நீந்தும் வாத்துக்கு அது போதும். நம்மை நோக்கி நீந்தும் வாத்துக்கு அலகு தெளிந்தால் முதுகு கரையும். அதனால் குவிமையம் எப்போதும் அருகிலுள்ள கண்ணில் இருக்கட்டும். இரண்டு மூன்று பறவைகளைச் சேர்த்தெடுக்க விரும்பினால் எப் 8 வரை சுருக்குங்கள். நீந்தும் பறவைக்கு 1/800 செக்கன், நீரை உதறிச் சிறகடிக்கும் பறவைக்கு 1/2000 செக்கனுக்குக் குறையாத ஷட்டர் வேகம் வேண்டும். ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. மதிப்பைக் கமெராவிடமே விட்டுவிடலாம். விடியற்காலை ஒளியில் அது 3200 வரை ஏறினாலும் கவலை வேண்டாம். துகள் தெரியும் படத்தைச் சீர்செய்யலாம், அசைந்துபோன படத்தைச் சீர்செய்ய முடியாது.

ஒளியளவில் ஒரு பொறி இருக்கிறது. சூரியன் ஏறியதும் இருண்ட நீரின் நடுவே நிற்கும் ஊசிவால் வாத்தின் வெண்மார்பை, கமெரா தன்போக்கில் எடுத்தால் வெளுக்க வைத்துவிடும். இறகின் வரிகள் அழிந்து வெறும் வெள்ளைத் திட்டாகும். ஒளியை மூன்றில் இரண்டு படி குறைத்து வைத்து, வெள்ளையில் விவரம் இருக்கிறதா என்று ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள். கொக்குக்கும் பூநாரைக்கும் இதையே செய்யுங்கள். சட்டகத்தில் பறவையை மட்டும் பார்க்காமல், அதன் நீர்நிழலையும் பாருங்கள். தாழ்ந்த கோணத்தின் செல்வமே அந்த நிழல்தான், அதைப் பாதியில் வெட்டினால் படம் கால் உடைந்தது போலிருக்கும்.

ஒன்பது மணி ஆகும்போது, வில்லை சரியாகக் குவிந்தும் படம் தெளியவில்லை என்று காண்பீர்கள். கருவியில் பிழை இல்லை. வெயிலில் சூடாகும் சேற்றிலிருந்து எழும் காற்று அசைந்து, தரையை ஒட்டிச் செல்லும் ஒளியைக் கலைக்கிறது. நின்று எடுப்பவரைவிடப் படுத்து எடுப்பவரையே இந்தக் கானல் அதிகம் தாக்கும். எந்த விலையுள்ள வில்லையும் அதை வெல்லாது. பறவை மிக அருகில் வந்தால் மட்டும் எடுங்கள். இல்லையேல் அன்றைய வேலை முடிந்தது.

ஆனால் வேலை முடிந்தது என்பதற்காக எழுந்துவிடக் கூடாது. எனது முதல் மாரியில், கால் மரத்துப்போன வேதனையில், எட்டு மணிக்குக் கூட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். முன்னால் இருந்த பறவைகள் மட்டுமன்றிப் பரவைக்கடலின் பாதியே ஒரே இரைச்சலாக எழுந்து, நெடுநேரம் சுற்றிவிட்டு, மறுகரையில் இறங்கியது. அந்தக் கிழமை முழுவதும் அந்த மூலைக்கு ஒரு வாத்தும் வரவில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வந்து, மார்ச்சில் திரும்பிப் போவதற்கான கொழுப்பை இங்கே சேர்க்கும் உயிர்களின் ஒரு காலை இரையை நான் பறித்துக்கொண்டேன் என்பது வீட்டுக்கு வந்த பின்னரே உறைத்தது. அன்றிலிருந்து, அவை தாமாகப் போகும் வரை நான் வெளியே வருவதில்லை. பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வந்தாலோ, வலை பார்ப்பவர் ஒருவர் எதிர்ப்பக்கம் நடந்தாலோ கூட்டம் எழுந்து விலகும். அந்த நேரத்தில் பின்புறமாக ஊர்ந்து வெளியேறலாம். அப்படி ஒன்றும் நடக்காவிட்டால், உங்களை விட்டுச் சென்ற நண்பர் முன்பே பேசிய நேரத்தில் தொலைவிலிருந்து மெதுவாக நடந்து வரட்டும். பறவைகள் அவரைக் கண்டு நீந்தி விலகும், கூட்டின் மீது அச்சம் கொள்ளா. தண்ணீர்ப் போத்தலும், ஒரு சிறு உணவும், இயற்கைக் கடனுக்கான ஏற்பாடும் இல்லாமல் இதைச் செய்ய முடியாது என்பதைத் தொடங்குமுன்பே கணக்கிலெடுங்கள்.

மிதக்கும் மறைவிடத்தைப் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. வாகன ரியூப்பையோ றெஜிபோமையோ கட்டி, அதன் மேல் சிறு கூடாரம் வைத்து, இடுப்பளவு நீரில் தள்ளிக்கொண்டு போவது அது. மிக அழகான படங்களைத் தரக்கூடிய வழிதான். ஆனால் நமது பரவைக்கடலின் அடியில் இடத்துக்கிடம் சுரி உண்டு, காலைப் பிடித்தால் தனியாக மீள்வது கடினம். திருக்கை முள்ளும், கண்ணுக்குத் தெரியாத வலைக்கம்புகளும் உண்டு. அந்த நீரை நன்கறிந்த தொழிலாளர் ஒருவர் உடன் வராமல் இறங்க வேண்டாம். கரையில் இரண்டு மாரிகள் பழகாதவர் அதைப் பற்றி நினைக்கவும் வேண்டாம்.

வீடு திரும்பியதும் கமெராவையும் வில்லையையும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடையுங்கள். வாடையில் வரும் உப்புத் துவலை ஒரு மாதத்தில் திருகாணிகளைத் துருப்பிடிக்கச் செய்துவிடும். பையின் நெல்லை வெயிலில் காயவிடாவிட்டால் முளைத்துவிடும். பருவம் முடிந்ததும் கூட்டைக் கழற்றி, கம்பித் துண்டுகளைத் தவறாமல் பிடுங்கி, சாக்கு நூல் ஒன்றுகூட மீதமில்லாமல் எடுத்து வாருங்கள். படங்களைப் பிறரோடு பகிரும்போது ஊரின் பெயரையோ கரையின் அடையாளத்தையோ எழுத வேண்டாம், படக்கோப்பில் பதியும் இடக்குறிப்பையும் அழித்துவிடுங்கள்; வாத்துக்கு வலை வைப்பவரும் அந்தப் படத்தைப் பார்ப்பார். யாழ்ப்பாணக் குடாநாடு என்று எழுதினால் போதும்.